பதினொன்றாவது கேள்வி

கையெழுத்துப் போடுவது ஒரு நொடி வேலை, ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது போட்டுப் பழகிய கை, ஆனால் பாப்பா படிவத்தை அவர் மடியில் வைத்து "கடைசிப் பக்கத்துலங்கப்பா, கார்டியன்னு போட்டிருக்குது பாருங்க, அதுக்கு மேல" என்று காட்டிவிட்டு உள்ளே போய்ப் பத்து நிமிடம் ஆகியும் நல்லசிவம் பேனாவின் மூடியைக்கூடக் கழற்றவில்லை. நான்கு பக்கம். முதல் பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, உயரம், எல்லாம் மகள் சம்யுக்தாவின் சாய்வில்லாத எழுத்தில். இரண்டாம் பக்கம் முழுக்கக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். ஆஸ்துமா, இல்லை. காசநோய், இல்லை. காதில் சீழ், இல்லை. கடல் பயணத்தில் குமட்டல், இல்லை, அவள் கடலில் கால் நனைத்ததோடு சரி, இருந்தாலும் இல்லை. பதினொன்று: வலிப்பு, மயக்கம், காரணம் தெரியாமல் நினைவு தவறுதல், வாழ்நாளில் எப்போதாவது. இல்லை. மற்ற இல்லைகளுக்குப் போட்ட அதே சின்ன டிக், கொஞ்சமும் நடுங்காத டிக், எதற்கு நடுங்க வேண்டும், அவளுக்குத் தெரிந்தவரை அது உண்மை. பொய் இருப்பது அந்தப் பக்கத்தில் இல்லை, இன்னும் மை படாத கடைசிப் பக்கத்தில், மேலே கண்ட விவரங்கள் அனைத்தும் நான் அறிந்தவரை உண்மை என்ற வரிக்குக் கீழே கோடு போட்டு விட்டிருக்கும் இடத்தில். பதினெட்டு முடிய அவளுக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. ஒன்பது மாதம் கழித்து வந்திருந்தால் இந்தக் கோடு இருந்திருக்காது, அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்திருப்பார், எவரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கவில்லை என்றால் தெரியாது என்று ஆகிவிடுமா. அறிந்தவரை என்று எழுதினவன் யாரோ பெரிய கெட்டிக்காரன், எத்தனை பேருடைய தூக்கத்தைக் கெடுத்திருப்பான்.

கோயம்புத்தூரில் பெரிய சாலைக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் முதல் மாடி, விமானம் ஓட்டுகிறவர்களைப் பரிசோதித்துச் சான்று கொடுக்க அரசு அனுமதித்த டாக்டர். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி எழுதியிருக்கிறது, வானத்தில் போகிறவர்களும் செருப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது. சுவரில் காதின் உள்பக்கத்தைப் பெரிதாக வரைந்த படம், நத்தை மாதிரி ஒன்று, அதற்குள் இருக்கும் நீரால்தான் மனிதன் நிமிர்ந்து நிற்கிறான் என்று பாப்பா பேருந்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். மேகத்துக்குள் போனால் அந்த நீர் பொய் சொல்லுமாம், நேராகப் போகிறோம் என்று நினைப்போம், சரிந்துகொண்டிருப்போம், அதனால் உடம்பு சொல்வதை நம்பக் கூடாது, எதிரே இருக்கும் முள்ளைத்தான் நம்ப வேண்டும் என்றாள். பெருந்துறையில் ஏறியதிலிருந்து ஜன்னலோர இருக்கையில் இருந்தது அவள்தான், பேசிக்கொண்டே வந்ததும் அவள்தான். போன வாரம் பயிற்சிப் பள்ளியில் வாய்மொழித் தேர்வு முடிந்தது, தலைமைப் பயிற்றுநர் இருபத்தாறு கேள்வி கேட்டதில் ஒன்றுக்குத்தான் தடுமாறினாளாம். இனி இந்த மருத்துவச் சான்று ஒன்றுதான் பாக்கி. இது கைக்கு வந்தால் மாணவ விமானி உரிமம், ஒரு சின்னப் புத்தகம், போட்டோ ஒட்டி முத்திரை குத்தி. முத்திரை என்ற சொல் மனசில் வந்ததும் பேனாவை மறு கைக்கு மாற்றினார். பக்கத்து நாற்காலிக்காரர் முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். பொள்ளாச்சியாம். மகன் சான்றைப் புதுப்பிக்க வந்திருக்கிறானாம்.

"ஏனுங் சார், பாப்பா புதுசுங்களா?"

"ஆமாங்க. முதல் தடவை."

"பொம்பளப் புள்ளைங்க பயப்படாது சார். என்ற பையன் போன தடவை ஊசியப் பாத்ததும் பிரசர் நூத்தியறுவதுக்குப் போயிருச்சு. வானத்துல போறவன் ஊசிக்குப் பயந்தா எப்படீங்க? டாக்டரே சிரிச்சுட்டார்." அவர் எட்டிப் பார்த்தார். "பாரம் நெறப்பிட்டீங்களா? ரொம்ப யோசிக்காதீங்க. எல்லாத்துக்கும் நோ போட்டுத் தள்ளுங்க. எவன் படிக்கறான் இதையெல்லாம்."

"எல்லாத்துக்கும் நோதான் போட்டிருக்குதுங்க."

"அப்புறம் என்னங்க, போடுங்க கையெழுத்த."

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து நல்லசிவம் சிரித்தார். எவன் படிக்கறான். அதுவும் சரிதான். உள்ளே இருக்கும் எந்தக் கருவியும் அதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை, கண்ணுக்கு ஒரு பெட்டி, காதுக்கு ஒரு பெட்டி, நெஞ்சில் ஒட்டி எடுக்கும் வரைபடம், சிறுநீர், ரத்தம், ஒற்றைக்காலில் கண்ணை மூடி நிற்கச் சொல்வது, அவ்வளவுதான், அவர் முன்கூட்டியே விசாரித்துவிட்டார், தலைக்குள் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. தலைக்குள் இருப்பதைக் கேட்பது இந்தத் தாள் ஒன்றுதான். அதுவும் தாளாக இருப்பதால் பதில் வரும்வரை காத்திருக்கும், வராவிட்டால் கோபித்துக்கொள்ளாது. அந்தச் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம், அவளுக்கு ஆறரை வயது, சமையலறைத் தரையில் சம்மணம் போட்டுச் சந்தவை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், எலுமிச்சை பிழிந்தது, அவர் கூடத்தில் நாற்காலியில். தட்டு தரையில் சுற்றுகிற சத்தம் கேட்டது. எவர்சில்வர் தட்டு விளிம்பில் நின்று சுற்றும்போது முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, கடைசியில் ஒரே இரைச்சலாக வரும் சத்தம். பாப்பா, தட்டை உருட்டாதே, என்று கத்தினார். அதுதான் அவர் முதலில் செய்தது, அதட்டியது. சத்தம் நின்றது. அவர் திரும்பவும் செய்தித்தாளுக்குப் போனார், ஒரு பத்தி படித்திருப்பார், எந்தச் செய்தி என்றுகூட நினைவிருக்கிறது, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத் தேர்தல், அதை ஏன் மனசு வைத்திருக்கிறது, வைத்திருக்க வேண்டியது எத்தனையோ இருக்க. அந்த ஒரு பத்தி நேரம் அவள் தனியாகத் தரையில் கிடந்தாள். பின்கட்டிலிருந்து வந்த மனைவி தமயந்தி போட்ட சத்தத்தில்தான் எழுந்து ஓடினார். கை கால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது, கண் மேலே போய் வெள்ளை மட்டும் தெரிந்தது, வாயோரத்தில் எலுமிச்சையும் எச்சிலும் நுரையும். இரும்பு, இரும்பு என்று தமயந்தி அலறினாள். ஸ்கூட்டர் சாவிக் கொத்தை அவர் அந்தக் கைக்குள் திணித்தார். எதற்கு என்று அப்போதும் தெரியாது இப்போதும் தெரியாது, திணிக்க வேண்டும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்தமாதிரி அவருக்கும் தெரிந்திருந்தது. அந்தச் சின்ன விரல்கள் சாவியைப் பிடித்த பிடி. அப்புறம் எல்லாம் ஓய்ந்து அவள் மடியில் துவண்டு கிடக்கும்போது நெற்றியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இங்கேதான் சிக்கும். பத்தரை வருடமாக இந்த இடத்துக்கு வந்ததும் சிக்கும். கையை வைத்தது தெரிகிறது, நெற்றியின் வியர்வை தெரிகிறது, ஒட்டிக்கொண்ட முடி தெரிகிறது. சுட்டதா? கை வைத்தவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். சுட்டிருந்தால் அது காய்ச்சலில் வந்தது, குழந்தைகளுக்கு வரும், போய்விடும், படிவத்தில் ஒரு வரி எழுதினால் டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். சுடவில்லை என்றால் அது வேறு. அது தலைக்குள் எங்கோ இருப்பது, இன்னும் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம்.

ஈரோட்டு டாக்டர் சின்ன வயசுக்காரர், நிதானமாகத்தான் பேசினார். மாத்திரை எழுதினார், தலையில் ஒயர் ஒட்டி எடுக்கும் பரிசோதனைக்கும் எழுதினார், எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். எடுக்கவில்லை. எடுக்காததற்குக் காரணம் இதுதான் என்று இப்போது யாரிடமாவது சொன்னால் காறித் துப்புவார்கள்: அந்தப் பரிசோதனை நிலையத்தில் கருவியை இயக்கும் பையன் தமயந்தியின் ஒன்றுவிட்ட அண்ணன் மருமகன். சொந்தத்துக்குள் போய்விட்டால் முடிந்தது என்றாள் அவள். பொம்பளப் புள்ளைங்க. ஒரு தடவை வெளிய போச்சுன்னா இருபது வருசம் கழிச்சு ஜாதகத்தக் கையில எடுக்கறப்ப அதுவும் கூடவே வரும், அந்தப் புள்ளைக்கா, அதுக்கு என்னமோ வருமாமே, இப்படித்தான் சொல்லுவாங்க. ஆறரை வயதுக் குழந்தைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள், குழந்தை உள்ளே வண்ணப் பென்சில் வைத்துக் கிறுக்கிக்கொண்டிருந்தது. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசவில்லை என்பதை விட, அவளே சொல்லிவிட்டாளே என்று உள்ளுக்குள் ஆறுதல்தான் இருந்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. வேறு ஊர்ப் பரிசோதனை நிலையத்துக்குப் போகலாம் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. போனால் விடை வந்துவிடும். பிறகு சேலத்தில் ஒரு வயசான டாக்டரிடம் போய், நல்ல காய்ச்சல் இருந்ததுங்க, நெருப்பா கொதிச்சதுங்க என்று சொன்னார்கள். அவர் சிரித்துக்கொண்டே, காய்ச்சல்ல வர்றதுதான், வளர வளரச் சரியாயிரும், என்றார். அந்தச் சிரிப்பைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று மாதம் சத்து மருந்துக் குப்பியில் போட்டுக் கொடுத்த மாத்திரையும் அத்தோடு நின்றது. திரும்ப வரவில்லை. வராததால் சொன்னது உண்மையாகிக்கொண்டே வந்தது, ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நெற்றி சூடேறிக்கொண்டே வந்தது, ஒரு கட்டத்தில் கேட்டால் நூற்று மூன்று என்று டிகிரியோடு சொல்லும் அளவுக்கு.

வீட்டிலோ வேண்டாம் மட்டும் மிஞ்சியது. நீச்சல் வேண்டாம். மாடிப்படியில் ஓட வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை சைக்கிள் வேண்டாம். தேர்த் திருவிழாவில் ராட்டினம் வேண்டாம், கூட்டாளிகள் எல்லாம் மேலே போய்க் கையாட்ட இவள் கீழே அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்று அண்ணாந்து பார்த்தாள். காரணம் கேட்டால் பயமா இருக்கும்மா என்பாள் தமயந்தி, யாருக்குப் பயம் என்று சொல்லமாட்டாள். ஒருவேளை அந்த அண்ணாந்து பார்த்ததிலிருந்துதான் இதெல்லாம் முளைத்ததோ. காரணம் சொல்லாமல் கட்டி வைத்த பிள்ளை எல்லாவற்றையும் விட உயரமான ஒன்றைக் கேட்டது. இதை யாரிடம் விசாரிப்பது. அவர் வேலையே விசாரிப்பதுதான். முத்திரை ஆய்வாளர். கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் வைத்துச் சோதித்து, சரியாக இருந்தால் ஈயத்தில் முத்திரை அடித்துக் கொடுப்பவர், இருபத்தெட்டு வருடம். தட்டுக்கு அடியில் புளி ஒட்டியவர்களைப் பிடித்திருக்கிறார், எடைக்கல்லின் வயிற்றைக் குடைந்து மெழுகு அடைத்தவர்களைப் பிடித்திருக்கிறார். சென்னிமலைப் பக்கம் ஒரு கடலைப்பருப்பு வியாபாரி, பத்து கிராம்ங்க சார், பத்து கிராம்ல எவன் செத்தான், என்று கையைப் பிடித்துக்கொண்டான். கிராம் இல்லீங்க பேச்சு, இதுல அடிச்சிருக்கற முத்திரை என்னுது, என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டு வழக்கு எழுதினார், அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது. அந்த மனிதர்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறாரா. தராசிலும் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், அதற்குச் சட்டத்திலேயே அளவு இருக்கிறது, அனுமதிக்கப்பட்ட பிழை என்று பெயர், அதைத் தாண்டாதவரை முத்திரை அடிக்கலாம். ஒரே ஒரு தடவை, பத்தரை வருடத்துக்கு முன், திரும்ப வரவே இல்லை. அனுமதிக்கப்பட்டதற்குள் வருமா வராதா. யார் அனுமதிப்பது.

ஒத்துக்கொண்டிருக்கவே கூடாது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் கேட்டாள், பிளஸ் ஒன்றில் கேட்டாள், போன வருடம் நோட்டில் எல்லாம் எழுதிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து கேட்டாள். மறுப்பதற்கு இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாததால் சரி என்றார். தமயந்தியும் சரி என்றாள், அது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது, பிறகு சமையலறையில் மெதுவாகச் சொன்னாள், மெடிக்கல்ல எப்படியும் கண்டுபிடிச்சு வேண்டாம்னுருவாங்க, நாம சொன்ன மாதிரி இருக்காது. அவரும் அதையேதான் நினைத்திருந்தார். இரண்டு பேரும் வேறொருவர் வந்து சொல்வார் என்று காத்திருந்தார்கள், அந்த வேறொருவர் இப்போது படிவத்தை நீட்டி, நீங்கள் சொல்லுங்கள் என்கிறார். நவம்பரில் பயிற்சிப் பள்ளியைப் பார்க்கப் போயிருந்தபோது ஒரு பையன் முதன்முதலாகத் தனியாகப் பறந்தான். இரண்டே பேர் உட்காரும் சின்ன விமானம், ஓடி வந்து இறங்கியது, நின்றது, பயிற்றுநர் கதவைத் திறந்து இறங்கினார், பெல்ட்டை உள்ளே எடுத்துக் கட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார், திரும்பிப் பார்க்காமல் புல்தரையில் நடந்து வந்தார். அவ்வளவுதான். பக்கத்து இருக்கை காலி. பதினைந்து இருபது மணி நேரம் கற்றுக்கொண்டால் இவளுக்கும் அந்த நாள் வரும். மேலே ஏறி, திரும்பி, மறுபடி திரும்பி, இறங்குவதற்கு ஆறு நிமிடம் என்றார்கள். ஆறு நிமிடத்தில் என்ன வரும். ஒரு பத்தி படிக்கிற நேரத்தில் வந்தது. அவர் கீழே புல்தரையில் நின்றுகொண்டிருப்பார், அண்ணாந்து, யாராவது செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், இன்ஜின் சத்தம் வேறுமாதிரி ஆனால்கூட அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் அதட்டத்தான் தெரியும். வேண்டாம். அப்படியெல்லாம் எதுவும் நடக்காது. பத்து வருடம் நடக்காதது. கல்யாணம் ஆகி, குழந்தை பெற்று, ஸ்கூட்டர் ஓட்டி, காவிரியில் குளித்து, எண்பது வயது வரை ஒன்றுமே நடக்காமல் இருந்துவிடலாம், அப்போது இன்றைக்கு அவள் ஆசையை இந்த நாற்காலியில் உட்கார்ந்து நசுக்கியது மட்டும் நடந்ததாக இருக்கும். அதை எப்படி எடை போடுவது. இந்தத் தட்டில் வைக்க அவரிடம் கல் இல்லை.

எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் வீட்டுக்குப் போன் செய்தார். இரண்டாவது மணியிலேயே தமயந்தி எடுத்தாள், கையிலேயே வைத்துக்கொண்டிருந்தவள்போல.

"ஆச்சுங்களா?"

"உள்ள இருக்கறா. எங்கிட்ட கையெழுத்துக் கேக்கறாங்க."

"போட்டீங்களா?"

"தமயந்தி, நீ ஒண்ணு சொல்லு. அன்னிக்கு அவ நெத்தி சுட்டுச்சா?"

மறுமுனையில் குக்கர் ஒரு விசில் விட்டது.

"இப்ப எதுக்குங்க அது?"

"சுட்டுச்சா இல்லியா? நீயும்தான தொட்ட."

"சுட்டுச்சுன்னுதான டாக்டர்கிட்டச் சொன்னோம்."

"சொன்னது இருக்கட்டும்."

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றாள், ஞாபகம் இருப்பவர்கள் சொல்கிற விதமாக. "பத்து வருசமா ஒண்ணும் வரலியே. புள்ள இதுக்காவ எத்தன நாள் படிச்சுருக்கறா. போட்டுட்டு வாங்க." அவர் போனைக் காதிலிருந்து எடுக்கப் போகும்போது மறுபடி குரல் வந்தது, இந்தத் தடவை தணிந்து. "ஏனுங்க… மேல போனா வந்துருமா?"

"தெரியல."

"யாரயாச்சும் கேட்டுப் பாக்கலாம்ல?"

"யாரக் கேக்கறது? கேக்கறதுக்குத்தான் இப்பக் கூட்டிட்டு வந்திருக்குது."

திரும்ப வந்து உட்கார்ந்தபோது உள்ளங்கையைத் தொடைமேல் மல்லாத்தி வைத்திருப்பதைப் பார்த்தார். ஐம்பத்துநாலு வயது உள்ளங்கை, ஈயம் கறுப்படித்த ரேகைகள். கை எதையும் மறக்கவில்லை, அதுதான் உண்மை, மறந்தது அவர். சுடவில்லை. குளிர்ந்திருந்தது. வெயில்படாத தரையில் கிடந்த தட்டு எப்படி இருக்குமோ அப்படி. அந்தக் குளிர்ச்சிக்குத்தான் அவர் அன்றைக்குப் பயந்தார், பிள்ளை போய்விட்டதோ என்று நினைத்தார், மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தார். காய்ச்சலாக இருந்தால் மூக்கில் எதற்கு விரல் வைக்க வேண்டும். இவ்வளவு எளிதாக வந்துவிட்டது. இத்தனை நாள் இதைத் தெரியாது தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு எவ்வளவு உழைத்திருக்க வேண்டும். பொள்ளாச்சிக்காரர் மகனுடன் கிளம்பும்போது "வர்றோமுங்க சார், பாப்பா பெரிய பைலட்டா வரட்டும்" என்றார். நல்லசிவம் கை கூப்பினார்.

கதவு திறந்து அவள் வந்தாள், முழங்கையில் பஞ்சு ஒட்டி, பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு. "கண்ணு ரெண்டும் சூப்பர்ங்கப்பா. காதுல மெதுவா ஒரு சத்தம் வெச்சாங்க, கொசு இருமற மாதிரி, அதுகூடக் கேட்டுருச்சு. இனி டாக்டர் கடைசியா ஒருக்காப் பேசணுமாம்." பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "என்னங்கப்பா, போடவே இல்ல? பேனா எழுதலியா?"

"எழுதும்."

"அப்புறம்?"

"பதினொண்ணாவது தப்பும்மா."

அவள் பக்கத்தைத் திருப்பிப் படித்தாள். அவரைப் பார்த்தாள். "இதுவா? இதெல்லாம் எனக்கு எதுக்குங்கப்பா."

"ஒரு தடவை. ரெண்டாவது படிக்கறப்ப. வீட்டுலதான்."

அவள் சிரிக்கத் தொடங்கி, அவர் முகத்தில் அதற்கு இடம் இல்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டாள். வரவேற்பறைப் பெண் யாருக்கோ போனில் முகவரி சொல்லிக்கொண்டிருந்தாள், பேக்கரிக்கு எதிர்ச் சந்து, ஆமாங்க, பேக்கரிக்கு எதிர்ல.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"அம்மாவுக்கு. எனக்கு. ரெண்டு டாக்டருங்களுக்கு."

"எனக்கு மட்டும் தெரியாது."

"கல்யாணப் பேச்சு வர்றப்ப…" என்று ஆரம்பித்தார். இந்த இடத்தில், காதின் படத்துக்குக் கீழே, அந்தச் சொல் எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று வாயில் பட்டதும் தெரிந்தது. முடிக்கவில்லை. அவள் தாடையின் கீழிருந்த பழைய தழும்பைத் தன்னையறியாமல் விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது?"

"தட்டு விளிம்பு. விழுந்தப்ப கிழிச்சது."

"பூங்கா ஊஞ்சல்ல விழுந்தேன்ல. நீலக் கலர் ஊஞ்சல். சங்கிலி துருப்புடிச்சிருக்கும். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்கப்பா."

"அது நாங்க சொன்னதும்மா. அந்தப் பூங்கால ஊஞ்சலே இல்ல."

அவள் விரலை எடுத்தாள். கண்ணில் நீர் கோத்தது, வழியவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தார், திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடியைக் கழற்றினாள். இல்லை என்ற கட்டத்தில் போட்டிருந்த டிக்கை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்திட்டாள். ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டாள். "ஆம்னா விவரம் எழுதணுமாம். தேதி?"

"பதினாலு, ஜூன். ரெண்டாயிரத்துப் பதினாலு."

எழுதினாள். "எத்தன நிமிசம்?"

"தெரியாதும்மா. நான் உடனே வரல. தட்டு விழுந்த சத்தம் கேட்டுட்டு, வெளாடறீன்னு நெனச்சுட்டு உக்காந்திருந்தேன்." இதை அவர் தமயந்தியிடம்கூடச் சொன்னதில்லை.

பேனா ஒரு கணம் நின்றது. பிறகு தெரியாது என்று எழுதினாள். "காய்ச்சல்?"

"இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா இல்ல. சில்லுன்னு இருந்துச்சு. டாக்டர்கிட்ட இருந்துச்சுன்னு பொய் சொன்னோம். டெஸ்ட்டும் எடுக்கல."

எல்லாவற்றையும் எழுதினாள், சாய்வில்லாத எழுத்தில், அவர் சொன்ன வரிசையில். எழுதி முடித்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவர் பக்கம் நீட்டினாள். "இப்பப் போடுங்க." போட்டார். நல்லசிவம் என்பதில் கடைசிப் புள்ளி கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. அவள் அதை உற்றுப் பார்த்தாள், சரியா என்று சோதிப்பவள்போல. இதில் என்ன ஆகும், இந்த வருடம் முடியுமா, இல்லை எப்போதுமே முடியாதா, தலையில் ஒயர் ஒட்டி எடுக்கச் சொல்வார்களா, எடுத்தால் அதில் என்ன தெரியும், எதையும் அவள் கேட்கவில்லை, கேட்டாலும் அவருக்குத் தெரியாது என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"சம்யுக்தா" என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள். அவரும் எழுந்தார்.

"நீங்க உக்காருங்க. நானே சொல்லிக்கறேன்."

கதவு முழுதாகச் சாத்தவில்லை, ஒரு விரல் இடைவெளி விட்டு நின்றது. நாற்காலி இழுபடும் சத்தம், தாள் புரளும் சத்தம், டாக்டர் ஏதோ வழக்கமான வேடிக்கையாகச் சொன்னது, அதற்கு அவள் சிரிக்காதது. பிறகு அவள் குரல், வாய்மொழித் தேர்வுக்குப் பழகியது மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி: "டாக்டர், எனக்கு ஆறரை வயசுல ஒரு தடவை வலிப்பு வந்திருக்கு." பத்தரை வருடத்தில் அந்த வீட்டு ஆள் ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லி நல்லசிவம் கேட்பது இதுதான் முதல் தடவை. அவர்கள் அதை அது என்றுதான் சொல்வார்கள், அல்லது அந்தச் சனிக்கிழமை என்று. உள்ளே பேனா மேசையில் வைக்கப்பட்டது. "யாரும்மா பாத்தது? கூட யாரு இருந்தாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

அவளுடைய நாற்காலி பின்னுக்கு இழுபட்டது.

"அப்பா. வெளியதான் இருக்கறார்."

கதவை நோக்கிச் செருப்பில்லாத கால்கள் நடந்து வருவது கேட்டது. கதவு திறப்பதற்கு முன்பே அவர் எழுந்து நின்றுவிட்டார்.